அலுமினியத்தின் இடத்தில் இழையும் பிசினும்

போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் பாதி ஒரு வகைப் பிளாஸ்டிக் என்று சொன்னால், அடுத்த வாரம் அதில் ஏறவிருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது பாதி உண்மைதான். அந்தப் பிளாஸ்டிக்குக்குள் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கார்பன் இழைகள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. சுமையைத் தாங்குவது அவைதான். இப்படி வெவ்வேறு குணமுள்ள இரண்டு பொருள்களைச் சேர்த்து, இரண்டும் தத்தம் குணத்தை விட்டுவிடாமல் ஒன்றாக வேலை செய்ய வைத்தால் கிடைப்பது கூட்டுப்பொருள். ஏர்பஸ் ஏ350 விமானத்தில் அதன் பங்கு 53 சதவீதம். ஒரு தலைமுறைக்கு முந்தைய போயிங் 777 விமானத்தில் வெறும் 12 சதவீதம்தான்; அதில் ஏறக்குறைய பாதி எடை அலுமினியம்.

கனமான உலோகத்தை எடுத்துவிட்டு லேசான பொருளை வைத்தார்கள் என்று இந்த மாற்றத்தை ஒரே வரியில் விளக்கிவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அலுமினியம் ஏற்கெனவே செய்து முடித்த பொருள். தகடாகவோ கட்டியாகவோ வாங்கி வெட்டுகிறார்கள், வளைக்கிறார்கள், துளையிடுகிறார்கள். விமானத்துக்கான கூட்டுப்பொருள் அப்படி எங்கும் தயாராகக் கிடப்பதில்லை. இறக்கையின் மேல்தோல் உருவாகும்போதுதான் அந்தத் தோலின் பொருளும் உருவாகிறது. எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே முடிவு செய்கிறார். இதன் நன்மைகளும் தலைவலிகளும் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

அலுமினியம் எதற்காக இத்தனை காலம் நின்றது

ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் ஒரு வினோதத்தைக் கவனித்தார். செம்பும் மக்னீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி உடனே குளிர்வித்து, அப்படியே சில நாள் விட்டுவிட்டால் தானாகவே கடினமாகிறது. அதுதான் டூராலுமின். அலுமினியத்தின் லேசும் மென்எஃகை நெருங்கும் வலிமையும் ஒரே பொருளில் கிடைத்தன. 1919இல் பறந்த யுங்கர்ஸ் எஃப்13 முழுக்க உலோகத்தாலான பயணியர் விமானம். அங்கிருந்து ஜெட் யுகம் முழுவதும் அலுமினியக் கலவைகளின் ஆட்சிதான்.

பொறியாளர்கள் அதை விரும்பியதற்கு லேசு மட்டும் காரணமில்லை. எந்தத் திசையில் இழுத்தாலும் அதன் குணம் ஏறக்குறைய ஒன்றே. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் முறிவதற்கு முன் நெளிந்து, நீண்டு, கண்ணுக்குத் தெரியும்படி எச்சரிக்கும். ஒரு துளையின் ஓரத்தில் சுமை அதிகமாகக் குவிந்தால், அந்த இடம் மட்டும் சற்று நெகிழ்ந்து சுமையை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். சிறு பிழைகளை மன்னிக்கும் பொருள் அது. இந்த மன்னிக்கும் குணத்தின் அருமை, அதை இழந்த பிறகுதான் தொழிற்சாலைகளுக்குத் தெரிந்தது.

குறைகள் இரண்டு. முதலாவது உலோகச் சோர்வு. விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. உடற்பகுதி சற்றே உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை. அலுமினியத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் சுமை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எண்ணிக்கை பெருகினால் விரிசலைத் தொடங்கிவைக்கும். 1954இல் காமெட் என்ற ஜெட் பயணியர் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்ததற்கு இதுவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். இரண்டாவது குறை அரிப்பு. இரண்டும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளுக்கு மேலே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் 243 காட்டியது. ஏறக்குறைய 90 ஆயிரம் முறை ஏறி இறங்கிய அந்த போயிங் 737 விமானத்தில், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகளில் கிளம்பிய விரிசல்கள் ஒன்றோடொன்று இணைந்து, முன்பக்கக் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியது இன்றும் நம்ப முடியாத விஷயம்.

இழை எதற்கு, பிசின் எதற்கு

எந்தத் திடப்பொருளும் காகிதத்தில் கணக்கிட்ட வலிமையை நடைமுறையில் எட்டுவதில்லை. உள்ளே இருக்கும் நுண்ணிய குறைகளிலிருந்து முறிவு தொடங்கிவிடும். பொருளை மிக மெல்லிய இழையாக்கினால் பெரிய குறைகளுக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் இழைகளுக்கு இத்தனை வலிமை. ஆனால் நூலை இழுக்கலாம், தள்ள முடியாது, தள்ளினால் மடங்கிவிடும். அங்கேதான் பிசின் வருகிறது. பெரும்பாலும் எப்பாக்ஸி. அது இழைகளைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது, மடங்காமல் காக்கிறது, ஓர் இழை அறுந்தால் அதன் சுமையைப் பக்கத்து இழைகளுக்குக் கடத்திவிடுகிறது. தனியாகப் பார்த்தால் எப்பாக்ஸி பெரிய பலசாலி அல்ல. ஆனால் அது இல்லாமல் இழைக்கு வேலையே இல்லை.

இயற்கை இதை வெகு காலமாகச் செய்துவருகிறது. மரமும் மூங்கிலும் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்னும் பசை பிணைத்த கூட்டுப்பொருள்கள்தாம். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானம் ஸ்ப்ரூஸ் மரத்தாலும் துணியாலும் ஆனது. இரண்டாம் உலகப் போரின் மஸ்கிட்டோ விமானத்தில், கனமில்லாத பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையை ஒட்டியிருந்தார்கள். நடுவில் லேசான பொருள், இருபுறமும் வலுவான மெல்லிய தோல் என்ற அந்த உத்தி இன்றும் உயிரோடு இருக்கிறது. பால்சாவுக்குப் பதில் தேன்கூட்டு வடிவ அறுகோண அறைகள் வந்துவிட்டன, அவ்வளவுதான்.

கார்பன் இழை கிடைக்கும் வழி சுவையானது. மூலப்பொருள் பாலிஅக்ரிலோநைட்ரில். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவு. அந்த இழையை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கும் மேலே கொண்டுபோகிறார்கள். மற்ற அணுக்கள் வெளியேறிவிட, இழையின் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கப்பட்ட கார்பன் மட்டும் மிஞ்சுகிறது. ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், பின்னர் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் வில்லியம் வாட் குழுவினரும் 1960களின் முற்பகுதியில் இந்த வழியைத் திறந்தார்கள். அதற்கு முன்பே கண்ணாடி இழை இருந்தது. 1957இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் உருவாக்கிய ஃபீனிக்ஸ் என்ற கிளைடர் கண்ணாடி இழையால் ஆனது. ஆனால் கண்ணாடி இழைக்கு வலிமை உண்டு, போதிய விறைப்பு இல்லை. பெரிய இறக்கை முறியாமல் இருந்தால் மட்டும் போதாது, கண்டபடி வளையாமலும் இருக்க வேண்டும்.

எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்

விமான அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம். கார்பன் இழைக் கூட்டுப்பொருளுக்கு 1.6. விறைப்பை கிகாபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள். அலுமினியத்துக்கு அது சுமார் 70, எந்தத் திசையிலும். இழைகள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும் கூட்டுப்பொருளில், இழையின் வழியே இழுத்தால் சுமார் 140. அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு. முறிவதற்கான வலிமையோ நான்கைந்து மடங்கு. விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும்.

அதே துண்டை இழைகளுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். விறைப்பு 10 கிகாபாஸ்கலுக்கு அருகில் வந்துவிடும். அந்தத் திசையில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பிசின்தான். எனவே நிஜ விமானத்தில் இழைகளை ஒரே திசையில் போட முடியாது. ஓர் அடுக்கை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்காக, இன்னும் சிலவற்றை 45 டிகிரி சாய்வில் இருபுறமும் என்று அடுக்குகிறார்கள். எல்லாத் திசைக்கும் சமமாக அடுக்கினால் என்ன கிடைக்கும்? ஏறக்குறைய 50 கிகாபாஸ்கல். அலுமினியத்தைவிடக் குறைவு! எடைக்கு எடை ஒப்பிட்டால் அப்போதும் கூட்டுப்பொருள்தான் முன்னால் நிற்கும், ஆனால் கால் பங்கு அளவுக்கே. இவ்வளவு விலையும் இத்தனை பாடும் அந்தக் கால் பங்குக்காகவா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே.

பொறியாளர்கள் இந்தத் தவறைக் கேலியாகக் 'கறுப்பு அலுமினியம்' என்பார்கள். உலோகத்துக்காக வரைந்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் கார்பனாக மாற்றுவது. லாபம் அங்கே இல்லை. இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது காற்று அதை மேல்நோக்கி வளைக்கிறது. கீழ்த்தோல் இழுபடுகிறது, மேல்தோல் அமுக்கப்படுகிறது. இரண்டும் இறக்கையின் நீளவாக்கில்தான். எனவே இழைகளில் பெரும்பங்கை அந்தத் திசையில் போடலாம். முறுக்கைத் தாங்க 45 டிகிரி அடுக்குகள் போதிய அளவு. குறுக்கே கொஞ்சம். அடிப்பகுதியில் பல அடுக்குகள், முனையை நோக்கிப் போகப்போக ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம். சுமை போகும் பாதையில் பொருளை வைப்பது என்பது இதுதான். இவ்வளவு செய்தும், சேதத்துக்கும் துளைகளுக்கும் ஈரத்துக்கும் ஒதுக்க வேண்டிய பாதுகாப்பு அளவுகளைக் கழித்த பின், நடைமுறையில் மிச்சமாகும் எடை சுமார் 20 சதவீதம். இது சிறிய தொகை அல்ல. உடல் லேசானால் தேவையான எரிபொருள் குறையும், எரிபொருள் குறைந்தால் சக்கரங்களும் இயந்திரமும் சிறிதாகலாம், அதனால் எடை இன்னும் குறையும்.

ஒரு சிறு எச்சரிக்கை. 787 வகை விமானம் பழைய விமானங்களைவிட 20 சதவீதம் எரிபொருள் மிச்சப்படுத்துகிறது என்ற பேச்சைக் கேட்டதும் அத்தனையையும் கார்பன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். புதிய இயந்திரங்களுக்கும் இறக்கை வடிவத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை

திசையைத் தேர்ந்தெடுக்கும் இந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1984 டிசம்பரில் முதலில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமான எக்ஸ்-29. அதன் இறக்கைகள் வழக்கத்துக்கு மாறாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. வேகமாகத் திரும்பி வளைந்து பறப்பதற்கு இந்த வடிவம் நல்லது என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆனால் யாரும் துணியவில்லை. முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை மேல்நோக்கி வளையும்போது அதன் முனை மேல்நோக்கி முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் காற்றின் உந்தல் கூடும், கூடினால் இன்னும் வளையும், இன்னும் முறுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இறக்கை பிய்ந்துவிடும். அலுமினியத்தில் இதைத் தடுக்க வேண்டுமென்றால் இறக்கையைத் தடிமனாக்கி எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸ்-29 விமானத்தின் வடிவமைப்பாளர்கள் இறக்கைத் தோலின் இழைகளைச் சற்றுக் கோணலாக ஓடவிட்டார்கள். இப்போது இறக்கை மேலே வளைந்தால், இழைகளின் கோணமே அதை எதிர்த்திசையில் முறுக்கும். தீங்கான முறுக்கும் அதைத் தடுக்கும் முறுக்கும் ஒன்றையொன்று சரிக்கட்டும். எந்த மோட்டாரும் இல்லை, கூடுதல் உறுப்பும் இல்லை. பொருளே அந்த வேலையைச் செய்கிறது. எந்த உலோகத்திடமும் இதைக் கேட்க முடியாது.

பயணியர் விமானங்களில் இதன் எளிய பயனை ஜன்னலோர இருக்கையிலிருந்தே பார்க்கலாம். 787 மேலெழும்போது இறக்கை முனைகள் வில்லாக உயர்கின்றன. 2010 மார்ச் 28 அன்று தரையில் வைத்து அதன் இறக்கைகளைச் சோதித்தபோது, பறக்கும் வாழ்நாளில் எதிர்பார்க்கும் உச்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். முனைகள் சுமார் 7.6 மீட்டர் உயர்ந்தன. முறியவில்லை. நீளமான, மெல்லிய இறக்கை காற்றில் குறைந்த இழுவையோடு போகும் என்பதால், இந்த வளையும் தன்மையைத் தொல்லையாகக் கருதாமல் வடிவமைப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

உடற்பகுதியிலும் பயணிக்கு லாபம் உண்டு. இழைகளுக்கு உலோகம் போலச் சோர்வு ஏற்படுவதில்லை, ஈரத்தால் அரிப்பதும் இல்லை. ஆகவே உள்ளே அழுத்தத்தைக் கூட்டலாம், காற்றில் ஈரப்பதத்தையும் கூட்டலாம். வழக்கமான விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். 787 விமானத்தில் அது 6,000 அடிக்குச் சமம். நீண்ட பயணத்துக்குப் பின் தலைவலி குறைவாக இருந்தால் நன்றியைக் கார்பனுக்குச் சொல்லலாம். ஜன்னல்கள் பெரிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

எப்படிச் செய்கிறார்கள்

பாதி கெட்டியான பிசினில் ஏற்கெனவே தோய்த்த இழைநாடாக்கள் சுருள்களாக வருகின்றன. ப்ரீப்ரெக் என்பது தொழிற்சாலைப் பெயர். பிசின் தானாக இறுகிவிடாமல் இருக்க அவற்றை மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்துச் சேமிக்கிறார்கள். வெளியே எடுத்த நொடியிலிருந்து மணிக்கணக்கு ஓடத் தொடங்குகிறது. கெடு தாண்டினால் சுருளே வீண். ஓர் அடுக்கின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். 787 விமானத்தின் உடற்பகுதியைச் செய்யும்போது, பெரிய உருளை அச்சு ஒன்று மெல்லச் சுழல, இயந்திரத் தலைகள் நாடாக்களை அதன் மேல் ஒட்டிக்கொண்டே போகின்றன. பிறகு காற்றை உறிஞ்சும் பையால் மூடி, முழுப் பீப்பாயையும் ஆட்டோகிளேவ் எனப்படும் ராட்சத அழுத்த உலைக்குள் தள்ளுகிறார்கள். சுமார் 180 டிகிரி வெப்பம், வெளிக்காற்றைப் போல ஆறேழு மடங்கு அழுத்தம். சில மணி நேரம் கழித்து வெளியே வருவது ஒரே துண்டு. அலுமினியத்தில் இதே பகுதிக்கு நூற்றுக்கணக்கான தகடுகளும் பல்லாயிரம் ரிவெட்டுகளும் வேண்டும். ஏ350 விமானத்துக்கு ஏர்பஸ் வேறு வழியைத் தேர்ந்தது. பீப்பாயாகச் செய்யாமல் நீண்ட வளைந்த பலகைகளாகச் செய்து இணைக்கிறது. ஒரு பலகையில் குறை வந்தால் அந்தப் பலகையோடு போகும் என்பது அதன் வசதி.

அடுக்கும் ஒழுங்குக்கும் கட்டுப்பாடு உண்டு. நடுவிலிருந்து மேலும் கீழும் கண்ணாடிப் பிம்பம்போல ஒரே வரிசை இருக்க வேண்டும். இல்லையென்றால் உலையிலிருந்து எடுத்துக் குளிரும்போது பலகை தானாக முறுக்கிக்கொள்ளும். அச்சும் தன் அளவு மாறக்கூடாது. கார்பன் கூட்டுப்பொருள் வெப்பத்தில் ஏறக்குறைய விரிவதே இல்லை. சாதாரண எஃகு விரியும். அதனால் பல அச்சுகளை இன்வார் என்ற விலையுயர்ந்த நிக்கல்-இரும்புக் கலவையில் செய்கிறார்கள்.

மன்னிக்காத பொருள்

இனித் தலைவலிகள். அலுமினியம் நெகிழ்ந்து எச்சரிக்கும் என்று சொன்னேன். கார்பன் கூட்டுப்பொருள் கடைசிவரை வில்போல நிமிர்ந்துகொண்டே இருந்து, எல்லை தாண்டியதும் முறியும். இடையில் நெகிழ்வு என்ற கட்டமே இல்லை.

1970இல் ரோல்ஸ்-ராய்ஸ் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. ஆர்பி211 இயந்திரத்தின் முன்விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்திருந்தார்கள். எடையில் அருமையான மிச்சம். பறவை மோதலைச் சோதிக்க விசிறிமேல் கோழியை வேகமாக எய்தபோது இதழ்கள் நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத் திட்டத்தின் மொத்தச் செலவும் எகிற, 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாகி அரசின் கைக்குப் போனது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1995இல் சேவைக்கு வந்த ஜிஇ90 இயந்திரத்தில் கார்பன் இதழ்கள் வெற்றி பெற்றன. இடைப்பட்ட காலத்தில் பிசின்கள் முறிவைத் தாங்கும் உறுதி பெற்றிருந்தன. மோதலை முதலில் வாங்கும் முன்விளிம்புக்கு டைட்டானிய உறை போட்டிருந்தார்கள்.

மோதலின் தொல்லை அதோடு முடியவில்லை. பழுதுபார்ப்பவரின் கையிலிருந்து ஒரு கருவி இறக்கைமேல் விழுகிறது, அல்லது சரக்கு வண்டி உடற்பகுதியில் உரசுகிறது என்று வையுங்கள். அலுமினியத்தில் பள்ளம் விழும்; யாரும் பார்க்கலாம். கூட்டுப்பொருளின் மேற்பரப்பு மீண்டும் நிமிர்ந்துவிடலாம். வெளியே ஒன்றுமில்லை. உள்ளேயோ அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து கிடக்கும். இழுத்தால் அவ்வளவாக ஆபத்தில்லை, ஆனால் அமுக்கினால் பிரிந்த மெல்லிய அடுக்குகள் தனித்தனியே மடங்கிவிடும். எனவே விதி வேறு விதமாக எழுதப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள சேதம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் முழுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். மேலே சொன்ன எடை மிச்சத்தில் ஒரு பகுதி இந்தக் காப்பீட்டுக்கே போய்விடுகிறது. சந்தேகம் வந்தால் மீயொலி அலைகளைச் செலுத்திப் பார்க்கிறார்கள். தட்டிப் பார்த்து ஒலி மாறுகிறதா என்று கேட்கும் பழைய முறையும் இன்னும் வழக்கொழியவில்லை.

பழுதுபார்க்கவே முடியாது என்ற பேச்சு மட்டும் தவறு. 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 787 ஒன்றில், அவசரக்கால சமிக்ஞைக் கருவியின் லித்தியம் மின்கலத்திலிருந்து தீப்பிடித்து மேல்கூரை கருகியது. அதை அங்கேயே சரிசெய்து, அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பறக்கவிட்டார்கள்.

இன்னொரு பழைய பயம் 2001 நவம்பரில் நியூயார்க்கில் விழுந்த ஏர்பஸ் ஏ300 பற்றியது. அதன் கூட்டுப்பொருள் செங்குத்து வால் வானிலேயே கழன்றது. பொருள்தான் குற்றவாளி என்று பலர் முடிவுகட்டினார்கள். விசாரணையில், சுக்கானை இடமும் வலமும் மாறிமாறி அழுத்தியதால் வாலின் மீது ஏறிய சுமை, அது தாங்க வேண்டும் என்று நிர்ணயித்த உச்ச அளவையே மீறியது தெரிந்தது.

மின்னல், செம்பு, டைட்டானியம்

அலுமினிய விமானத்தின் மீது மின்னல் பாய்ந்தால், மின்சாரம் வெளித்தோலிலேயே ஓடி மறுமுனையில் வெளியேறிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் உலோகத்தைவிட மிக மோசமாக. இடையில் உள்ள பிசின் கடத்துவதே இல்லை. மின்னல் தாக்கிய இடம் கருகி அடுக்குகள் பிரியும். அதனால் வெளி அடுக்கில் செம்பு வலையைப் பதிக்கிறார்கள். எடை சற்றுத் திரும்பி வருகிறது. ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று முளைப்பது இந்தத் துறையின் வழக்கம்: வண்ணப்பூச்சு, செம்பு, கார்பன் மூன்றும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. ஏ350 விமானங்களின் மேற்பூச்சு உரிந்து செம்பு வலை வெளியே தெரிந்ததை வைத்துக் கத்தார் ஏர்வேஸும் ஏர்பஸும் லண்டன் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. 2023 பிப்ரவரியில் சமரசம் செய்துகொண்டன.

கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு மின்கலம். அரிக்கப்படுவது அலுமினியம். ஆகவே தொடும் இடங்களில் கண்ணாடி இழை அடுக்கை இடையில் வைக்கிறார்கள், அல்லது அலுமினியத்தையே தவிர்த்து டைட்டானியம் போடுகிறார்கள். 787 விமானத்தின் எடையில் 15 சதவீதம் டைட்டானியம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கார்பனின் விலையைக் கணக்கிடுபவர்கள் அது கூட்டிவந்த இந்த விருந்தாளியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இணைப்புகளில் வந்த சிக்கல் இன்னும் நுட்பமானது. இரண்டு உடற்பகுதித் துண்டுகளைச் சேர்க்கும்போது நடுவில் சிறு இடைவெளி இருந்தால், உலோகத்தை இறுக்கி முடுக்கிச் சமாளித்துவிடலாம். அது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கார்பன் நெகிழாது. வலிந்து இழுத்த விசை உள்ளே நிரந்தரமாகத் தங்கிவிடும். எனவே இடைவெளிக்குத் தக்க மெல்லிய தகட்டை நடுவில் வைத்து நிரப்ப வேண்டும். 787 விமானத்தில் அனுமதித்த அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர். சில இணைப்புகளில் அதைவிடப் பெரிய இடைவெளிகள் இருந்தது தெரியவர, 2020 இறுதியில் புதிய விமானங்களின் ஒப்படைப்பை நிறுத்தினார்கள். இடையில் சில மாதம் தொடங்கி, மறுபடி நிறுத்தி, 2022 ஆகஸ்டில்தான் மீண்டும் தொடங்கினார்கள். ஒரு காகிதத்தின் தடிமனை ஒத்த இடைவெளி ஒரு தொழிற்சாலையையே தடுமாற வைத்தது.

அலுமினியம் ஓய்வுபெறவில்லை

எல்லா விமானங்களும் ஏன் கார்பனுக்கு மாறவில்லை என்ற கேள்விக்குச் சமீபத்திய இரண்டு விமானங்களே பதில். போயிங் 777எக்ஸ் விமானத்தின் இறக்கைகள் கார்பன். விரித்தால் 71 மீட்டருக்கும் மேல் நீளும் அவற்றின் முனைகள் விமான நிலையத்தில் இடம் போதாமல் மடங்கிக்கொள்ளும். உடற்பகுதியோ அலுமினியம். ஏர்பஸ் ஏ220 விமானத்திலும் இறக்கை கார்பன், உடற்பகுதி அலுமினியத்தோடு லித்தியம் கலந்த லேசான கலவை. சுமைக்குத் தெளிவான திசை இருக்கும் இறக்கையில் இழைக்கு முழு லாபம். சிறிய விமானத்தின் உடற்பகுதித் தோல் ஏற்கெனவே மெல்லியது. மோதலைத் தாங்குவதற்காகவே அதைத் தேவைக்கு மேல் தடிமனாக்க வேண்டிவரும், அப்போது எடை மிச்சம் கரைந்துவிடும். என் பார்வையில், முழுக்கக் கார்பன் என்று முழங்குவதைவிட இந்தக் கலப்பு நிதானமான முடிவு.

போர் விமானங்களின் கணக்கு வேறு. இந்தியாவின் தேஜஸ் எடையில் சுமார் 45 சதவீதம் கூட்டுப்பொருள். அதன் வெளிப்பரப்பில் பெரும்பகுதி அதுதான். ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

எண்ணிக்கைதான் பயணியர் விமானத்தின் பெரிய முட்டுக்கட்டை. ஏ320, 737 போன்ற சிறிய விமானங்கள் மாதத்துக்குப் பல பத்து என்ற வேகத்தில் உருவாகின்றன. ஒவ்வொரு துண்டும் மணிக்கணக்கில் உலையில் கிடக்க வேண்டும் என்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். ஏ220 இறக்கைக்கு உலர்ந்த இழைத் துணியை அச்சில் அடுக்கி, அதன் பிறகே பிசினைச் செலுத்துகிறார்கள். ரஷ்யாவின் எம்சி-21 விமானத்தின் இறக்கை ஆட்டோகிளேவ் இல்லாமலே உருவாகிறது. அடுத்த முயற்சி பிசினையே மாற்றுவது. எப்பாக்ஸி ஒரு முறை இறுகினால் மறுபடி உருகாது. அதனால்தான் அந்த விமானங்களின் பாகங்களை மறுசுழற்சி செய்வது இவ்வளவு கடினம். சூடாக்கினால் மென்மையாகி, ஆறினால் மறுபடி இறுகும் தெர்மோபிளாஸ்டிக் வகைகளில் துண்டுகளைச் சில நிமிடங்களில் அழுத்தி வார்க்கலாம், இரண்டு துண்டுகளைத் துளையே போடாமல் பற்றவைக்கவும் செய்யலாம். தாங்கு சட்டங்கள், இறக்கையின் முன்விளிம்புகள் போன்ற சிறிய பாகங்களில் இவை ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கின்றன. முழு உடற்பகுதியை அப்படிச் செய்யும் முயற்சி இன்னும் மாதிரிப் பாகங்களின் கட்டத்தில்தான் இருக்கிறது.